ஆப்பிரிக்காவுக்குத் தொண்டு செய்யப் புறப்படுகிறவர்களிடம் ஒரு மருத்துவரின் வேண்டுகோள்

சென்ற மாதம் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர் 63 வயதான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். உகாண்டாவின் ஒரு கிராமப் பள்ளியில் ஆறு மாதம் ஊதியம் வாங்காமல் கணக்குப் பாடம் நடத்திவிட்டு ஊர் திரும்பிய பன்னிரண்டாம் நாள் அவருக்குக் காய்ச்சல் தொடங்கியிருக்கிறது. முதலில் காட்டிய இடத்தில், பிளேட்லெட் குறைந்திருப்பதைப் பார்த்து டெங்கு என்று முடிவு கட்டிவிட்டார்கள். எங்கிருந்து வந்தீர்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. வீட்டில் பப்பாளி இலைச்சாறும் நிலவேம்புக் குடிநீருமாக நான்கு நாள் போய்விட்டது. எங்களிடம் கொண்டுவந்தபோது அவருக்கு மகனின் பெயர் நினைவில்லை. சிறுநீர் பால் சேர்க்காத தேநீரின் நிறத்தில் இருந்தது. ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் வைத்தால், பார்க்கும் இடமெல்லாம் ஃபால்சிபாரம் மலேரியாக் கிருமி. ஆர்ட்டிசுனேட் ஊசியும் டயாலிசிசும் அவரைக் காப்பாற்றின. இந்த ஆண்டில் இப்படி நான் பார்க்கும் மூன்றாவது நோயாளி இவர்.

தடுப்பு மாத்திரை சாப்பிடவில்லையா என்று மகனிடம் கேட்டேன். “அப்பாவுக்குச் சின்ன வயசுலயே ரெண்டு தடவை மலேரியா வந்து போயிருக்கு டாக்டர். நம்ம உடம்புக்குக் கொசுவெல்லாம் பழக்கம்தானேன்னு முதல் மாசத்தோட நிறுத்திட்டாராம்” என்றார். இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப் போய்த்தான் இதை எழுதுகிறேன். வெள்ளைக்காரர்களுக்குத்தான் மாத்திரை, நமக்கு எதற்கு என்ற எண்ணம் கல்லூரி முடித்த இளைஞரிடமும் இருக்கிறது, ஓய்வூதியம் வாங்கும் பெரியவரிடமும் இருக்கிறது.

தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள். சென்னையில் நமக்கு வந்துபோகும் மலேரியா பெரும்பாலும் வைவாக்ஸ் வகையைச் சேர்ந்தது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் பெருகும் கொசு பரப்புவது. ஆளைக் கிடத்திப்போடுமே தவிர உயிரை எடுப்பது அரிது. ஆப்பிரிக்காவில் ஆட்சி செய்வது ஃபால்சிபாரம். அது தொற்றிய ரத்த அணுக்கள் மூளையிலும் சிறுநீரகத்திலும் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொண்டு ஓட்டத்தை அடைத்துவிடும். சிறுவயதில் வந்த வைவாக்ஸ் இதற்கு எந்தக் கவசமும் தராது. அந்த ஊர்க்காரர்கள் மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அங்குள்ள பெரியவர்களுக்கு இருப்பது, பிறந்ததிலிருந்து திரும்பத் திரும்பத் தொற்று வந்து பிழைத்ததால் கிடைத்த பாதி எதிர்ப்புச் சக்தி. உலகில் மலேரியாவால் இறப்பவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் ஐந்து வயதை எட்டாத குழந்தைகள். அத்தனை குழந்தைகளைப் பறிகொடுத்துவிட்டு மிஞ்சியவர்களின் அந்தச் சக்திகூட, ஊரைவிட்டுச் சில ஆண்டுகள் விலகியிருந்தால் குறைந்துவிடும். அப்படியிருக்க, ஆறு மாதம் தங்கப் போகும் நமக்கு அது எங்கிருந்து வரும்?

போகவே வேண்டாம் என்று நான் யாரையும் தடுக்கவில்லை. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன் கார்ட்டர், 1966-இல் தமது 68-ஆம் வயதில் தொண்டராக மும்பையின் விக்ரோலிக்கு வந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டார். வயது ஒரு தடையல்ல. ஆனால் வயதானவர்கள் புறப்படுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும் என்பதற்குத் தனிக் காரணம் உண்டு. உகாண்டாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம்; 60 வயதைத் தாண்டி முதன்முறையாக இந்த ஊசியைப் போட்டுக்கொள்பவர்களுக்கு, அரிதாக என்றாலும், கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். போடலாமா, பயண நாட்டையே மாற்றலாமா என்பதை நிதானமாக முடிவுசெய்ய வேண்டும். (மஞ்சள் காமாலை வேறு, மஞ்சள் காய்ச்சல் வேறு. காமாலைக்கான ஹெபடைட்டிஸ் ஊசி போட்ட அட்டையை நீட்டுகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.) சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் இந்த ஊசி போடுகிறார்கள். போட்ட பத்து நாளுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும். அதன்பின் ஆயுளுக்கும் செல்லும். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் நம் விமான நிலையத்தில் இறங்கியதும் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். நோயைப் பரப்பும் கொசு இங்கே தாராளமாக இருந்தும் அந்த நோய் இன்னும் இந்தியாவுக்குள் வரவில்லை என்பதால், இந்தக் கெடுபிடியை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன்.

மலேரியாத் தடுப்பு மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள். பழைய மலேரியா மருந்தான குளோரோகுயினுக்கு அங்குள்ள கிருமி கட்டுப்படாது. டாக்சிசைக்ளின் என்றால் புறப்படும் முன்பே தொடங்கி, தங்கும் நாளெல்லாம் சாப்பிட்டு, திரும்பிய பின்னும் நான்கு வாரம் தொடர வேண்டும். விமானம் ஏறியதும் நிறுத்திவிட்டால் கல்லீரலில் தங்கியிருக்கும் கிருமி வெளிவரும்போது தடுக்க எதுவும் இருக்காது. மாத்திரை சாப்பிட்டாலும் மருந்தூட்டிய கொசுவலைக்குள்தான் தூங்க வேண்டும். விக்டோரியா ஏரியில் இறங்கிக் குளிக்காதீர்கள். அந்த நீரில் நத்தையிலிருந்து வெளிவரும் புழு தோலைத் துளைத்து உடம்புக்குள் போய்விடும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை, மருந்தின் வேதிப்பெயர் எழுதிய சீட்டுடன், தங்கும் காலம் முழுமைக்கும் கையிலேயே கொண்டுபோங்கள். அவசரத்தில் பெரிய ஊருக்கு விமானத்தில் கொண்டுசெல்லும் செலவை ஏற்காத பயணக் காப்பீடு போதாது.

இன்னும் ஒன்றே ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். திரும்பி வந்த மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், அன்றைக்கே மருத்துவரிடம் போய், காய்ச்சல் என்று சொல்வதற்கு முன்பே “ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன், மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள்” என்று சொல்லுங்கள். முதல் பரிசோதனையில் இல்லையென்று வந்தாலும் மறுநாள் மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். நினைவு தப்பிய நிலையில் உங்களால் சொல்ல முடியாது.

தலைமையாசிரியர் போன வாரம் மறுபரிசோதனைக்கு வந்தார். சிறுநீரகம் தேறிவிட்டது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வடிவியல் பாதியில் நிற்கிறதாம், ஜனவரியில் மறுபடியும் போகலாமா என்று கேட்டார். நவம்பரிலேயே வாருங்கள், மாத்திரையை எண்ணி நானே எழுதித் தருகிறேன், கூடவே உங்கள் மகனையும் அழைத்து வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.