கத்திரி வெயிலில் ஓடுபாதை ஏன் போதாமல் போகிறது?

கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் விமானம் ஓட்டக் கற்றது லண்டனை அடுத்த குராய்டனில். அந்தக் குளிர்நாட்டில் எளிதாக மேலெழும் ஒரு சிறு விமானத்தைக் கொண்டுவந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைக்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட செட்டிநாடு ஓடுதளத்தில் மே மாதப் பிற்பகலில் நிறுத்தினால், எஞ்சினும் இறக்கையும் எடையும் மாறாதிருந்தும், அது தரையை விட்டு எழுவதற்கு மேலும் சில நூறு அடி ஓட வேண்டியிருக்கும்.

காரணம் காற்றின் அடர்த்தி. விமானக் கணக்குகளுக்கு அடிப்படையாகக் கொள்ளப்படும் நியமக் காற்று மண்டலத்தில், கடல் மட்டத்தில் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸ். ஒரு கனமீட்டர் காற்றின் நிறை 1.225 கிலோ. காரைக்குடிப் பகுதி கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கும் குறைவான உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டு, கோடையில் வழக்கமாக நிகழ்வதுபோல் காற்றழுத்தமும் சற்றுத் தணிந்திருக்கும்போது, அதே ஒரு கனமீட்டர் காற்று ஏறக்குறைய 1.1 கிலோதான் தேறும். நியமக் காற்று மண்டலத்தில் இந்த அடர்த்தி சுமார் 3,600 அடி உயரத்தில்தான் வரும். இதையே விமானிகள் அடர்த்தி உயரம் என்கிறார்கள். வால்பாறையின் உயரத்தில் இருப்பதாகவே அந்த விமானம் நடந்துகொள்ளும்.

இந்தப் பத்து விழுக்காட்டு இழப்பு மூன்று இடங்களில் அடிக்கிறது. காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ இல்லாத எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றின் நிறை குறைவதால் அதன் ஆற்றல் குறைகிறது. புரொப்பெல்லர் பின்னோக்கித் தள்ளுவதற்குக் கிடைக்கும் காற்றும் குறைகிறது. இறக்கையோ, அதே தூக்குவிசையைப் பெறுவதற்கு முன்பைவிட வேகமாக ஓட வேண்டியதாகிறது. சக்தி குறைந்த நேரத்தில் கூடுதல் வேகம் கேட்பதுதான் இதில் உள்ள கொடுமை.

புதிதாகக் கற்பவர்கள் மிகுதியாக ஏமாறும் இடம் வேகமானி என்பது என் கருத்து. அக்கருவி உண்மையில் அளப்பது, எதிர்வரும் காற்று, விமானத்தின் வெளியே முன்னோக்கி நீட்டியிருக்கும் சிறு குழாய்க்குள் ஏற்படுத்தும் அழுத்தத்தை. அடர்த்தி குறைந்தால் அந்த அழுத்தமும் குறையும். ஆகவே முள் 55 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காட்டும்போது விமானம் உண்மையில் 58 நாட் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இறக்கையும் அதே அழுத்தத்தை நம்பியே தூக்குவதால், மேலெழுவதற்கு முள் காட்ட வேண்டிய எண் குளிர்காலத்திலும் கோடையிலும் ஒன்றேதான். ஆனால் கண்ணுக்குத் தரை விரைந்து ஓடுவதாகத் தெரியும். ஓடுபாதையின் முடிவு நெருங்கும். கை தானாகவே மூக்கைத் தூக்கப் பார்க்கும். எண் வருமுன் மூக்கைத் தூக்கினால், காற்று பின்னுக்கு இழுக்கும் இழுவிசை கூடி, வேகம் ஏறுவது தடைப்படும்.

உலகெங்கும் பயிற்சிப் பள்ளிகளில் பரவலாகக் காணப்படும் செஸ்னா 172 விமானத்தின் ஒரு வகைக்கான அட்டவணைப்படி, முழு எடையில், கடல் மட்டத்தில், காற்றே வீசாத நிலையில், 50 அடி உயரத் தடையைத் தாண்டுவதற்கு 20 டிகிரியில் சுமார் 1,700 அடி தேவை. 40 டிகிரியில் சுமார் 1,950 அடி. உலர்ந்த புல்தரையானால் தரையில் ஓடும் தூரத்தில் 15 விழுக்காட்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும். எடையின் கணக்கு இன்னும் கறாரானது: பத்து விழுக்காடு எடை கூடினால் புறப்படும் தூரம் இருபது விழுக்காடு கூடும் என்பது பொது விதி. திருமணத்துக்கு வந்துவிட்டு நான்கு பேராகத் திரும்புகிறவர்கள், சீப்புச்சீடையும் மாவுருண்டையும் அடைத்த டின்களை எடை போடாமல் ஏற்றக் கூடாது. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

அட்டவணையைச் சரிபார்க்க ஓடுபாதையிலேயே ஒரு வழி உண்டு. ஓடுபாதையின் பாதியைக் கடக்கும்போது, மேலெழும் வேகத்தில் 70 விழுக்காடு வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் எஞ்சின் விசையைக் குறைத்து நிறுத்திவிட வேண்டும். முடுக்கம் சீராக இருந்தால் வேகத்தின் வர்க்கம் தூரத்துக்கு நேர்விகிதத்தில் வளரும் என்பதால், பாதித் தூரத்தில் கிடைப்பது முழு வேகத்தில் ஏறத்தாழ 0.7 பங்கு. எனினும் இவ்விதி ஓடுபாதையின் முடிவுக்குள் தரையை விட்டு எழுவதற்கு மட்டுமே போதுமானது. அதற்கப்பால் நிற்கும் பனைமரங்களைத் தாண்டுவது தனிக் கணக்கு.

புழுக்கமும் சேர்ந்தால் நிலைமை மேலும் மோசமாகும். நீராவியின் மூலக்கூறு நிறை 18. உலர்ந்த காற்றின் சராசரியோ 29. ஆகவே ஈரக்காற்று இலேசானது. கடற்காற்று உள்ளே வந்து வியர்க்க வைக்கும் நாளில் அடர்த்தி உயரம் இன்னும் சில நூறு அடி கூடும்.

அதிகாலையில் வெப்பம் 26 டிகிரியாக இருக்கும்போது இதே ஓடுதளத்தின் அடர்த்தி உயரம் ஏறக்குறைய 2,000 அடிக்கு இறங்கிவிடும். செம்மண் பொட்டல் சூடேறி, பருந்துகள் வட்டமிடும் வெப்ப ஓட்டங்கள் கிளம்புவதற்கு முன்பான நேரமும் அதுவே என்பதால், குலுக்கலும் குறைவு. மாலை ஐந்து மணி அதற்கு ஈடாகாது. வெயில் சாய்ந்த பின்னும் நிலம் சூட்டை விடாது என்பதால், அந்நேரத்துக்கும் வெப்பமானியைப் பார்த்துத் தனியாகக் கணக்கிட வேண்டும்.