கலக்காமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது

காவிரிக்கரை ஊர்களில் கழிப்பறை கட்டிக் கொடுப்பது என் வேலை. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது, கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்பதைத்தான். பத்து அடிக்குள் என்றால் எனக்குக் கவலை வந்துவிடும். அங்கேயும் நாலு உறை இறக்கி, அடியில் பூசாமல் விட்டு, செப்டிக் டேங்க் என்று பெயர் வைத்திருப்பார்கள். ஆற்றில் தண்ணீர் வந்தால் ஊற்று குழிக்குள் ஏறும். குழியில் இருப்பது பக்கத்து அடிபம்பில் வரும். குழந்தைக்கு ஏன் அடிக்கடி வயிற்றுப்போக்கு என்று கேட்கும் தாய்க்கு, கொல்லையில் இருக்கும் அந்தக் குழியைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

ஒருவர் ஆண்டுக்குக் கழிக்கும் மலம் சுமார் 50 லிட்டர், சிறுநீர் சுமார் 500 லிட்டர். பயிருக்கு வேண்டிய தழைச்சத்தில் (நைட்ரஜன்) பெரும்பங்கு சிறுநீரில் இருக்கிறது. நோய்க்கிருமிகளில் பெரும்பங்கு மலத்தில் இருக்கிறது. நாம் இரண்டையும் ஒன்றாக விட்டு, அதன் தலையில் ஆயிரக்கணக்கான லிட்டர் நல்ல தண்ணீரையும் ஊற்றுகிறோம். அப்போது அந்த 50 லிட்டரின் ஆபத்து மொத்தத்துக்கும் பரவிவிடுகிறது.

திருச்சி மாவட்டம் முசிறியில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் இரண்டையும் பிரித்துக் காட்டியது. மலத்தையும் சிறுநீரையும் கலக்காமல் தனித்தனியாகச் சேர்த்து உரமாக்கும் எக்கோசான் வகைப் பொதுக் கழிப்பறை ஒன்று அங்கே 2006இல் வந்தது. உள்ளே போகிறவரிடம் காசு வாங்காமல், அவருக்கே 10 பைசா கொடுத்தார்கள். நீங்கள் விட்டுச் செல்வதற்கு விலை உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. நிறுவனத்தைத் தொடங்கிய சுப்புராமனுக்குப் பின்னாளில் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இந்த வகைக் கழிப்பறையைத்தான் நானும் கட்டுகிறேன். அமைப்பு எளிது. தரைக்கு மேலே, அடியும் பக்கமும் பூசிய இரண்டு தொட்டிகள். கோப்பையில் மலம் விழ ஒரு துளை, சிறுநீருக்குத் தனி வழி, கால் கழுவும் தண்ணீருக்குத் தனி இடம். கழுவிய தண்ணீர் கல்வாழைப் பாத்திக்குப் போகும். மலத்தின் மேல் ஒரு கை சாம்பல் தூவி மூடியைப் போட வேண்டும். சாம்பல் ஈரத்தை இழுக்கும், காரத்தன்மையைக் கூட்டும். வாடை அடங்குவதும் கிருமி சாவதும் அதனால்தான். ஒரு தொட்டி நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதற்கு மாறலாம். மூடியதை ஓராண்டு தொடக்கூடாது என்பது என் கணக்கு. நாக்குப்பூச்சி முட்டைகள் அவ்வளவு சுலபத்தில் சாகாது.

இதில் தவறு நடப்பது பெரும்பாலும் தண்ணீரால்தான். ஒரு வீட்டில் காதுகுத்து. வந்த விருந்தாளிகள் பழக்கத்தில் துளைக்கு மேலேயே கழுவிவிட்டார்கள். மூன்றாம் நாள் வாடையும் ஈயும் தாங்கவில்லை. இரண்டு மூட்டை உமிச்சாம்பலைக் கொட்டி அந்தத் தொட்டியை மூடினோம். விருந்தாளிகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கச் சொல்லாதது என் தவறு. இப்போது கட்டி முடித்த அன்றே அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன்; யார் வந்தாலும் அவர்கள் சொல்லிவிடுவார்கள். கேஸ் அடுப்பு வந்தபின் வீட்டில் சாம்பல் கிடைப்பதில்லை என்பது இன்னொரு சிக்கல். பக்கத்தில் அரிசி ஆலை இருந்தால் அதுவும் தீர்ந்துவிடும்.

சிறுநீரை மூடிய கேனில் ஒரு மாதமாவது வைத்து, ஐந்து பங்கு தண்ணீர் கலந்து வாழையின் தூரில் விட்டு மண்ணை மூடவேண்டும். இலையில் படக்கூடாது. கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்க்கும் வேண்டாம் என்றே சொல்லிவிடுவேன்.

தொட்டியை யார் அள்ளுவது என்று எல்லா வீட்டிலும் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் சாதி இருக்கிறது. மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனாலும் செப்டிக் டேங்க்கில் இறங்கி விஷவாயு தாக்கி மனிதர்கள் சாவது நிற்கவில்லை. இந்தத் தொட்டிக்குள் யாரும் இறங்க வேண்டியதில்லை, பக்கவாட்டுக் கதவு வழியாக வாரிவிடலாம். அதையும் வீட்டுக்காரரே வார வேண்டும் என்பதற்கு ஒப்புக்கொண்டால்தான் நான் கட்டிக் கொடுப்பேன்.

அந்தக் காதுகுத்து வீட்டில் போன தையில் கதவைத் திறந்தோம். தள்ளி நின்ற அம்மா கிட்டே வந்து ஒரு பிடி எடுத்து நுணுக்கிப் பார்த்தார். "மண்ணு மாதிரில்ல இருக்கு" என்றார். பிறகு அவரே கூடையில் அள்ளி வாழைக்குக் கொண்டுபோனார்.