குட்டை பேஸ்லைனை வெட்டினால் ஹாலோவும் போகும்

கேலக்ஸிக் கொத்துகள் சிலவற்றின் நடுவே மங்கலான ரேடியோ ஒளிர்வு பரவிக் கிடக்கும். எந்தத் தனி கேலக்ஸிக்கும் அது சொந்தமில்லை. கொத்துகள் மோதும்போது எழும் கொந்தளிப்பு எலக்ட்ரான்களை மறுபடி முடுக்கிவிடுகிறது. அவை காந்தப்புலத்தில் சுழன்று தரும் அலைதான் இந்த ஹாலோ. வானத்தில் இருக்கும் ஹாலோவைத் தரவைச் சுத்தம் செய்யும்போதே தொலைத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

புனே பக்கம் நாராயண்காவ் அருகிலுள்ள ரேடியோ தொலைநோக்கியான ஜிஎம்ஆர்டியில் 45 மீட்டர் டிஷ்கள் 30. அவற்றில் 14 நடுவில் நெருங்கி நிற்கின்றன; மற்றவை மூன்று கரங்களில் விரிந்து, இரு டிஷ்களுக்கிடையே 25 கி.மீ. வரை இடைவெளி, அதாவது பேஸ்லைன், தருகின்றன. 400 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 75 செ.மீ. 25 கி.மீ. இடைவெளி சுமார் 6 கோண நொடி நுணுக்கம் தரும். 100 மீட்டர் இடைவெளியோ 26 கோண நிமிடத்தைத் தாண்டிய பரப்பை அறியாது. செம்பெயர்ச்சி (தொலைவைக் காட்டும் அளவு) 0.2-இல் ஒரு மெகாபார்செக் (சுமார் 33 லட்சம் ஒளியாண்டு) அகல ஹாலோ 5 கோண நிமிடம்தான், இழப்பிலிருந்து தப்பித்துவிடும். பக்கத்திலிருக்கும் கோமா கொத்தில் அதே அகலம் 35 கோண நிமிடம். அங்கே இழப்பு நிச்சயம்.

அந்த 5 கோண நிமிட ஹாலோவின் சமிக்ஞையும் பெரும்பாலும் 500 மீட்டருக்குக் குறைந்த பேஸ்லைன்களில்தான் இருக்கிறது. தரையில் மனிதர் உண்டாக்கும் ரேடியோ இரைச்சல் அதிகம் தாக்குவதும் அவற்றைத்தான். நீண்ட பேஸ்லைனில் இரைச்சலின் கட்டம் (phase) வேகமாகச் சுழன்று சராசரியில் கரைந்துவிடும். குட்டையில் சுழற்சி மெதுவாக இருப்பதால் அப்படியே தங்கிவிடும். கெட்ட தரவை நீக்கும் தானியங்கி ஃப்ளாக்கிங் இரக்கமில்லாமல் அங்கேதான் வெட்டும். எத்தனை சதவீதம் போனது என்ற மொத்தக் கணக்கு போதாது. 500 மீட்டருக்குள் எவ்வளவு மிஞ்சியது என்று தனியாகப் பாருங்கள். படத்தில் கொத்தைச் சுற்றி எதிர்மறைக் குழி தெரிந்தால் குட்டை பேஸ்லைன் போதவில்லை என்று சந்தேகப்படலாம்.

அடுத்தது புள்ளி மூலங்கள், அதாவது ஹாலோவின் மேல் புள்ளிகளாகத் தெரியும் தனித்தனி ரேடியோ மூலங்கள். 2 கி.மீ.க்கு மேற்பட்ட பேஸ்லைன்களால் மட்டும் படமெடுத்து, அந்த மாதிரியை விசிபிலிட்டியிலிருந்தே (படமாக்குவதற்கு முந்தைய மூலத் தரவு) கழித்துவிட்டு, மீதியை 20 கோண நொடி அளவுக்கு மழுக்கிப் பாருங்கள். கழித்தல் பிசகினால் எச்சங்கள் ஒன்றாகக் கலந்து ஹாலோ போலவே தோன்றும். அதனால் மங்கலான மூலங்களின் எச்சத்தை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் பொறுமை வேண்டும்.

எதுவும் தெரியாவிட்டால் "ஹாலோ இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். தெரிந்த அளவில் செயற்கை ஹாலோ ஒன்றைத் தரவில் செலுத்தி மறுபடி படமெடுங்கள். 100 மில்லிஜான்ஸ்கி (ரேடியோ ஒளிர்வின் அலகு) போட்டு 60 மட்டும் திரும்பினால், ஹாலோ இருந்தாலும் இதற்கு மேல் இருக்காது என்ற மேல்வரம்பை அந்த இழப்போடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

நிறமாலைச் சரிவிலும், அதாவது அலைவரிசை கூடக்கூட ஒளிர்வு எவ்வளவு குறைகிறது என்ற கணக்கிலும், இதே சிக்கல் வருகிறது. 650 மெகாஹெர்ட்ஸில் அதே 100 மீட்டர் 16 கோண நிமிடம்தான் காணும். இரு அலைவரிசைகளிலும் பேஸ்லைனை அலைநீளக் கணக்கில் ஒரே வரம்புக்குள் வெட்டாமல் ஒப்பிட்டால், உயர் அலைவரிசையில் காணாமல்போன ஃப்ளக்ஸ் (ஒளிர்வின் அளவு) செங்குத்தான சரிவாக வேடமிடும்.