அகல டயர் வாங்கும் முன் ரிம்மை அளந்து பாருங்கள்

தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலோ ஒரு டயர் கடையில் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் நின்றால் போதும். லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே, தரையை ஒட்டினாற்போல் ஒரு கார் வந்து நிற்கும். இறங்குகிற பையன் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, இதுல இன்னும் அகலமா என்ன டயர் ஏறும்?" விஷயம் தெரிந்த கடைக்காரர் டயரைப் பற்றிப் பேச மாட்டார். "ரிம் எத்தனை இன்ச் அகலம், ஆஃப்செட் எவ்வளவு, அதைச் சொல்லு தம்பி" என்பார். பையனுக்கு அது புரியாது. இந்தக் கட்டுரை அந்தப் பையனுக்காக.

வடசென்னைக்கு டயர் புதிய சங்கதி இல்லை. 1946இல் கே.எம். மாமன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் சின்னப் பட்டறையாகத் தொடங்கியதுதான், 1952இல் டிரெட் ரப்பருக்கு, அதாவது டயரில் சாலையைத் தொடும் மேல்பகுதிக்கான ரப்பருக்கு, மாறி, பிறகு எம்ஆர்எஃப் டயராக வளர்ந்தது. வடக்கே கொஞ்சம் போனால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் கார் பந்தயம் நடந்த இடம். ரப்பரும் வேகமும் இந்தப் பக்கத்துக்குப் பழக்கமானவை. ஆனாலும் அகல டயரைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இங்கும் பரவலாக இருக்கிறது. டயர் அகலமானால் சாலையில் படும் ரப்பரின் பரப்பும் அதே அளவு கூடிவிடும், பிடி கூடுவது அதனால்தான் என்பது அந்த நம்பிக்கை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,400 கிலோ எடையுள்ள கார் என்றால் ஒரு சக்கரத்துக்குச் சுமார் 350 கிலோ. டயரில் 32 பிஎஸ்ஐ காற்று, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.25 கிலோ அழுத்தம். காரைத் தாங்கிப் பிடிப்பது பெரும்பாலும் இந்தக் காற்றுதான். 350ஐ 2.25ஆல் வகுத்தால் 155 சதுர சென்டிமீட்டர் வரும். டயர் சாலையில் பதிகிற பரப்பு கிட்டத்தட்ட அவ்வளவுதான், விரித்த ஒரு கையின் அளவு. டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் இந்த எண் சற்றே முன்பின் இருக்கும். ஆனால் இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்கேயுமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் அகலத்தால் மாறுவது என்ன? பதிவின் வடிவம். 205 மிமீ டயரில் அந்தப் பதிவு சுமார் 16.5 செமீ அகலமும் 9.4 செமீ நீளமுமாக இருக்கும் என்றால், 245 மிமீ டயரில் 20.5 செமீ அகலத்துக்கு 7.6 செமீ நீளம் என்று ஆகிவிடும். பரப்பு அதேதான், குறுக்கே விரிந்து முன்பின்னாகச் சுருங்குகிறது.

இந்த வடிவ மாற்றத்தால் என்ன லாபம்? இங்கே பதினோராம் வகுப்பு இயற்பியலைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும். உராய்வு என்பது எடைக்கு நேர் விகிதம், பரப்பைச் சார்ந்தது அல்ல என்று படித்திருப்போம். மரக்கட்டைக்கு அது பெருமளவு சரி. ரப்பர் அந்த விதிக்கு அடங்காது. ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அமுங்கி இறங்கிப் பிடிக்கிறது. மேலே அழுத்தம் கூடக்கூட, கூடுகிற ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கிற பிடி குறைந்துகொண்டே போகிறது. வளைவில் காரின் எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்குச் சாயும்போது, வெளிச்சக்கரம் பெறுகிற கூடுதல் பிடி, உள்சக்கரம் இழந்த பிடியை ஈடுகட்டுவதில்லை. அகல டயர் அதே எடையைக் குறைந்த காற்றழுத்தத்திலேயே தாங்கும். அழுத்தத்தைக் குறைத்தால் பதியும் பரப்பு நிஜமாகவே கூடும். பந்தயக்காரர்கள் எடுத்துக்கொள்கிற லாபம் அது. தெருவில் ஓட்டுபவர் காற்றைக் குறைக்காமல் அகலத்தை மட்டும் கூட்டினால் இந்த லாபத்தில் பெரும்பகுதி கிடைக்காது.

அடுத்தது சூடு. பந்தயக் காருக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். அகல டயரில் ஒரு முழுச் சுற்றில் தரையைத் தொடும் ரப்பரின் மொத்த அளவு அதிகம். ஒவ்வொரு துண்டும் சாலையில் இருக்கும் நேரம் குறைவு. உருவாகும் சூடு கூடுதல் ரப்பருக்குப் பங்காகிறது. அதனால் இன்னும் மென்மையான, இன்னும் ஒட்டுகிற ரப்பர்க் கலவையை, அது கருகிவிடும் என்ற பயமில்லாமல் பயன்படுத்தலாம். 2017இல் ஃபார்முலா ஒன் பின்சக்கர டயர்களை 325 மிமீயிலிருந்து 405 மிமீக்கும், முன்சக்கர டயர்களை 245இலிருந்து 305க்கும் அகலப்படுத்தியபோது வளைவுகளில் வேகம் எகிறியது. அகலத்தோடு மற்ற வடிவமைப்பு விதிகளும் சேர்ந்து மாறின என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது பக்கச்சுவர். அகல டயர்கள் பெரும்பாலும் உயரம் குறைந்தவை. குட்டையான சுவர் குறுக்கே வளைந்து கொடுப்பது குறைவு. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் உடனே திரும்புகிறது என்று ஓட்டுபவர் உணர்வதில் பாதி இதன் வேலை.

சரி, இனி ரிம்முக்கு வருவோம். டயரின் பக்கவாட்டில் 205/55 ஆர்16 என்று இருந்தால், 205 மிமீ அகலம், அதில் 55 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், 16 அங்குல ரிம் என்று பொருள். இந்த 205 என்பது ஒரு குறிப்பிட்ட அகலமுள்ள ரிம்மில் மாட்டி அளந்த எண். இந்த அளவுக்கு அது 6.5 அங்குல ரிம். 5.5 முதல் 7.5 வரை மாட்ட அனுமதி உண்டு. ரிம் அரை அங்குலம் கூடினால் டயரின் அகலம் சுமார் 5 மிமீ கூடும், குறைந்தால் குறையும். ஆக, டயரில் எழுதியிருக்கும் அகலம் ரிம்மைப் பொறுத்து நகரக்கூடிய அகலம்.

ஒல்லியான ரிம்மில் தடித்த டயரை ஏற்றினால் பக்கச்சுவர்கள் உப்பி வெளியே வரும். டிரெட் நடுவில் மேடுதட்டும். நடுப்பகுதி மட்டும் சீக்கிரம் தேயும். வளைவில் டயர் ரிம்மின் மேல் ஊசலாடும். 245 டயரைப் போட்டுவிட்டு, பழைய 205 டயரைவிட மந்தமாகத் திரும்புகிற காரை ஓட்ட வேண்டியிருக்கும். மாறாக, அகல ரிம்மில் ஒல்லி டயரை இழுத்து மாட்டும் ஒரு மோகமும் நடமாடுகிறது. பார்க்க மிடுக்காக இருக்கிறது என்கிறார்கள். நான் அதை எந்தக் காருக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ரிம்மின் விளிம்பு டயரைத் தாண்டி வெளியே நிற்கும், பள்ளத்தின் அடி நேரே அலாய் ரிம்மில் விழும், காற்று குறைந்த நேரத்தில் வளைவில் டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நழுவவும் கூடும்.

1978இல் வந்த லம்போர்கினி கவுன்டாச் எல்பி400 எஸ் காரின் பின்சக்கரத்தில் 345/35 ஆர்15 பிரெல்லி டயர்கள் இருந்தன. தெருவில் ஓடுகிற காரில் அந்நாளில் அவ்வளவு அகலம் காணக் கிடைக்காதது. எல்லோரும் டயரைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். அந்த டயர் நிற்க 12 அங்குல அகல ரிம்மும், அந்த ரிம் அடங்க வெளியே புடைத்த மட்கார்டும் தேவைப்பட்டன. டயரை நம்பிக் காரைச் செதுக்கினார்கள். நம் கையில் இருப்பதோ ஏற்கெனவே செதுக்கி முடித்த கார்.

அதனால்தான் ஆஃப்செட் முக்கியம். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் (காரில் சக்கரம் பூட்டப்படும் நடுப்பாகத்தில்) உட்காரும் முகப்பு எத்தனை மில்லிமீட்டர் வெளியே தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். ரிம்மின் உட்பக்கத்தில் ET 45 என்பதுபோல் அச்சிட்டிருக்கும். பழைய ரிம் 6.5 அங்குலம், ஆஃப்செட் 45. புதியது 8 அங்குலம், ஆஃப்செட் 35. பழைய ரிம்மின் பாதி அகலம் 82.5 மிமீ. அதோடு 45ஐக் கூட்டினால் ரிம் உள்ளே 127.5 மிமீ போகிறது. கழித்தால் வெளியே 37.5 மிமீ வருகிறது. புதியதில் பாதி சுமார் 101.5 மிமீ. உள்ளே 136.5, வெளியே 66.5. அதாவது சஸ்பென்ஷன் பக்கம் 9 மிமீ நெருங்கி, மட்கார்டு பக்கம் 29 மிமீ வெளியே வந்துவிட்டது. ஒரு பேனாவும் தாளும் போதும், ரிம்மை வாங்கும் முன்பே இது தெரிந்துவிடும். வாங்கிய பிறகு மட்கார்டின் விளிம்பைச் சுத்தியலால் மடக்குவது எத்தனை கடைகளில் நடக்கிறது!

வெளியே தள்ளிய சக்கரம் ஸ்டீயரிங்கையும் பாதிக்கும். சக்கரம் திரும்புகிற அச்சுக்கும் பதிவின் நடுவுக்கும் இடையேயான தூரம் மாறுவதால், சாலையின் ஒவ்வொரு சரிவும் கையை இழுக்கும். எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகள் அழுத்தி உண்டாக்கிய தடங்களில் அகல டயர் தானாகப் போய் விழுவதை ஓட்டியவர்கள் அறிவார்கள். ஒல்லி டயர் தடத்துக்குள் முழுதாக இறங்கிவிடும், அகல டயரோ தடத்தின் விளிம்பில் ஏறியும் இறங்கியும் இழுபடும். மணலி, எண்ணூர் பக்கம் தினம் போகிறவருக்கு 225ஐத் தாண்ட வேண்டாம் என்பேன்.

சக்கரத்தின் மொத்த உயரத்தை மாற்றாமல் அகலத்தைக் கூட்டவும் வழி இருக்கிறது. 205/55 ஆர்16 டயரின் மொத்த விட்டம் சுமார் 632 மிமீ. 225/45 ஆர்17 டயருக்கு 634. ஸ்பீடோமீட்டர் ஏமாறாது, ஏபிஎஸ் குழம்பாது. இதற்கு 7 முதல் 8.5 அங்குல ரிம் வேண்டும். எடைக் குறியீட்டையும் பாருங்கள். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ வரை தாங்கும். பழையதைவிடக் குறைந்த எண்ணைப் போடவே கூடாது.

போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம், பிசிடி, சரியாகப் பொருந்த வேண்டும். 112 மிமீ இருக்கும் இடத்தில் 114.3ஐ நெம்பி மாட்டுவது கொலைக்குச் சமம். சக்கரத்தை வெளியே தள்ள ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் என்ற வட்டத் தகடு போட்டால் நட்டு பிடிக்க மரை குறைகிறது. 12 மிமீ போல்ட்டில் 1.5 மிமீ மரை என்றால் நட்டு குறைந்தது எட்டுச் சுற்றாவது ஏறவேண்டும்.

மாட்டும் வேலையை நின்று பாருங்கள், விடாதீர்கள். டயரின் உள்விளிம்புக்குள் இழுபடாத எஃகுக் கம்பிக் கற்றை இருக்கிறது. அது ரிம்மின் விளிம்பைவிடச் சின்னது. அப்படியிருக்க எப்படி உள்ளே போகிறது? ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. ஒரு பக்க விளிம்பை அந்தப் பள்ளத்தில் அமுக்கினால் எதிர்ப்பக்கம் தளர்ச்சி கிடைக்கும், அந்தத் தளர்ச்சியில் ரிம்மின் மேல் ஏறிவிடும். குட்டைச் சுவர் டயர் முரண்டு பிடிக்கும். அதனால் கூடுதல் அழுத்துக்கை உள்ள மெஷின் இருக்கும் கடையாகப் பாருங்கள். கடப்பாரையால் நெம்பினால் விளிம்பு கிழியும், அலாய் சிராயும். சோப்புப் பசை தாராளமாகத் தடவ வேண்டும். காற்று ஏறும்போது 'டப், டப்' என்று இருமுறை சத்தம் கேட்கும். இரு விளிம்புகளும் இடத்தில் உட்கார்ந்த சத்தம் அது. 40 பிஎஸ்ஐ ஆகியும் உட்காரவில்லை என்றால், காற்றை இறக்கிவிட்டு மறுபடி பசை தடவச் சொல்லுங்கள், மேலும் ஏற்ற விடாதீர்கள். பிறகு ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோட்டைச் சுற்றிலும் பாருங்கள். ரிம் விளிம்பிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் உள்வாங்கியிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. எத்தனை ஈயக்கட்டி ஒட்டிப் பேலன்ஸ் செய்தாலும் அதனால் வரும் அதிர்வு போகாது.

ஐப்பசி மழைக்கு ஒரு வார்த்தை. தேங்கிய நீரில் அகல டயர் முன்னே நிறைய நீரைத் தள்ளியாக வேண்டும், தள்ளுவதற்குக் கிடைக்கும் நீளமோ குறைவு. தள்ள முடியாத வேகத்தில் டயர் நீரின் மேல் மிதக்கும், ஸ்டீயரிங் லேசாகிவிடும். வியாசர்பாடி சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும் நாளில் மட்டும் வருகிற பிரச்சினை இல்லை இது. வேகம் கூடிய சாலையில் சில மில்லிமீட்டர் நீரே போதும். அகல டயரை மொட்டையாகும் வரை ஓட்டக்கூடாது. ஓரத்தில் 3 மிமீக்குக் கீழே தேய்ந்ததுமே மாற்றிவிடுவேன்.

புதுச் சக்கரம் மாட்டியதும் பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து, ஸ்டீயரிங்கை இருபக்கமும் முழுசாக ஒடித்து, ஒரு வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்குங்கள். உரசும் சத்தம் வந்தால் ரிம் தப்பு, மட்கார்டு அல்ல. உரசவில்லை என்றால் வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டு, 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை நட்டுகளை, கார் கையேட்டில் கொடுத்த டார்க்குக்கு (இறுக்க வேண்டிய முறுக்கு அளவுக்கு), டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள்.