டிப்லீஷன் – இருப்புக் கரைவு

சொந்தக் காடு வைத்திருக்கும் மர நிறுவனத்தின் ரொக்க ஓட்ட அறிக்கையைத் திறந்தால், நிகர லாபத்துக்குச் சற்றுக் கீழேயே ‘டிப்ரிசியேஷன், டிப்லீஷன், அமார்ட்டைசேஷன்’ என்று மூன்றும் ஒரே தொகையாகத் திரும்பக் கூட்டப்பட்டிருக்கும். முதலாவதற்குத் தேய்மானம் என்ற பழகிய சொல் இருக்கிறது. மூன்றாவது, காப்புரிமை போன்ற கண்ணுக்குத் தெரியாத சொத்துகளின் விலையை ஆண்டுக்கணக்கில் பிரித்துக் கழிப்பது. நடுவில் நிற்பதைத்தான் பலர் தேய்மானத்தின் இன்னொரு பெயர் என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். காட்டு நிறுவனத்தில் பெரிய தொகை பெரும்பாலும் அந்த நடுச்சொல்லுக்குள்தான் இருக்கும்.

காட்டை வாங்கவும் வளர்க்கவும் போட்ட பணத்தில், இந்த ஆண்டு வெட்டிய மரத்தின் பங்குக்கு உரிய தொகையே டிப்லீஷன். செலவுக் கணக்கில் ஏறும். ஆனால் இந்த ஆண்டு அதற்காக யாருக்கும் காசோலை போவதில்லை. பணம் காட்டை வாங்கிய அன்றே போய்விட்டது. லாபத்திலிருந்து கழித்ததை ரொக்க ஓட்டத்தில் திரும்பக் கூட்டுவது அதனால்தான்.

சொல்லின் வேர் லத்தீன். ‘ப்லேரே’ என்றால் நிரப்புதல். முன்னால் ‘டே’ சேர்ந்தால் நிரம்பியதைக் காலியாக்குதல். கம்ப்ளீட், சப்ளை எல்லாம் இதே குடும்பம்தான். சமஸ்கிருதத்தின் ‘பூர்ண’ என்ற சொல்லும் அந்த ஆதி வேரிலிருந்தே கிளைத்தது. ஆகவே நாம் சொல்லும் பூரணமும் டிப்லீஷனும் தூரத்து உறவு. பிற்கால லத்தீனில் இந்தச் சொல் வைத்தியர்கள் நோயாளியின் உடலிலிருந்து இரத்தத்தை வடித்தெடுப்பதைக் குறித்தது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அந்த வாடை போகவில்லை.

கணக்குப் புத்தகத்தில் அது நிலைபெற்றதற்கு அமெரிக்க வருமான வரி ஒரு முக்கியக் காரணம். 1913ஆம் ஆண்டுச் சட்டம் சுரங்கங்களுக்கு, எடுத்த கனிமத்தின் மொத்த மதிப்பில் 5 சதவீதம் என்ற உச்சவரம்போடு, வரிக்குரிய வருமானத்திலிருந்து ஒரு கழிவை அனுமதித்தது. 1918ஆம் ஆண்டுச் சட்டம் சுரங்கம், எண்ணெய்க் கிணறு, எரிவாயுக் கிணறு ஆகியவற்றோடு மரத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. அங்கேதான் ஒரு முரண் நுழைந்தது. எடுத்த கனிமம் திரும்ப வராது. வெட்டிய இடத்தில் மரம் வரும். சுரங்கத்துக்குத் தைத்த சட்டையைக் காட்டுக்கும் மாட்டிவிட்டார்கள். முதலீட்டாளருக்கு வரும் குழப்பங்களில் பாதி இந்தச் சட்டை பொருந்தாததால் வருவதுதான்.

கணக்கு எளியது. காட்டுக்குக் கொடுத்த விலையை மூன்றாகப் பிரிப்பார்கள்: நிலம், இளமரம், வெட்டுப்பருவம் எய்திய மரம். நிலத்துக்கு டிப்லீஷன் கிடையாது. வெட்டுப்பருவ மரத்தின் ஏட்டு மதிப்பை (போட்ட பணத்தில் இன்னும் கழிக்காமல் கணக்கில் நிற்கும் தொகையை), அந்த ஆண்டு வளர்ச்சியையும் சேர்த்த மர அளவால் வகுத்தால் ஒரு டன்னுக்கான வீதம் வரும். வெட்டிய டன்களால் அதைப் பெருக்கினால் ஆண்டின் டிப்லீஷன்.

ஒரு கற்பனைக் காட்டை வைத்துப் பார்ப்போம். வெட்டுப்பருவ மரம் 12 லட்சம் டன், ஏட்டு மதிப்பு 216 லட்சம் டாலர். ஆண்டு வளர்ச்சி 5 சதவீதம், அதாவது 60,000 டன். 216 லட்சத்தை 12.6 லட்சத்தால் வகுத்தால் டன்னுக்கு 17.14 டாலர். வளர்ந்த 60,000 டன்னையே வெட்டினால் டிப்லீஷன் 10.29 லட்சம் டாலர். ஆண்டு முடிவில் காட்டில் நிற்பது அதே 12 லட்சம் டன். ஏட்டில் நிற்பது 205.71 லட்சம் டாலர். இப்படியே 10 ஆண்டு ஓடினால் ஏட்டு மதிப்பு சுமார் 133 லட்சத்துக்கு இறங்கியிருக்கும், மரம் ஒரு டன்கூடக் குறையாமல். (இளமரக் கணக்கிலிருந்து ஆண்டுதோறும் வெட்டுப்பருவ மரக் கணக்குக்கு மாற்றப்படும் நடவுச் செலவை இங்கே விட்டுவிட்டோம், அது சேர்ந்தால் சரிவு மெதுவாகும்.)

இனி இரண்டு நிறுவனங்கள். இரண்டும் 60,000 டன்னை நின்ற நிலையில் டன் 32 டாலருக்கு விற்கின்றன: வருவாய் 19.2 லட்சம். மேலாண்மை, சொத்து வரி எல்லாம் 4 லட்சம். முதல் நிறுவனம் காட்டை அண்மையில் வாங்கியது, டிப்லீஷன் 10.29 லட்சம் போக லாபம் 4.91 லட்சம். இரண்டாவது பல தலைமுறையாக வைத்திருக்கிறது. அதன் வீதம் டன்னுக்கு 2 டாலர்தான், ஆகவே லாபம் 14 லட்சம். கையில் வந்த ரொக்கமோ இரண்டுக்கும் 15.2 லட்சம். லாபத்தை வைத்துப் பங்கு விலை மலிவா, கிராக்கியா என்று கணக்கிடுபவர், காடு எந்த வருடம் வாங்கப்பட்டது என்பதைத்தான் அளக்கிறார், தெரியாமலே. மர நிறுவனங்களை ரொக்க ஓட்டத்தால் மதிப்பிட வேண்டும் என்பதற்கு முதல் காரணம் இது. அமெரிக்காவின் பொட்லாட்ச் டெல்டிக் நிறுவனம் எல்லாரும் சொல்லும் எபிட்டாவுக்கு (வட்டி, வரி, டிப்ரிசியேஷன், அமார்ட்டைசேஷன் கழிக்கும் முன்னுள்ள லாபத்தின் ஆங்கிலச் சுருக்கம்) நடுவில் டிப்லீஷனுக்கென்று இன்னொரு ‘டி’ சேர்த்து எழுதியது. அச்சுப்பிழை அல்ல.

ஆனால் திரும்பக் கூட்டியதோடு நிறுத்தினால் பெரிய பள்ளத்தில் விழலாம். அதே முதல் நிறுவனம் 60,000 டன்னுக்குப் பதிலாக 80,000 டன் வெட்டட்டும். வருவாய் 25.6 லட்சம், ரொக்கம் 21.6 லட்சம், லாபம் 7.89 லட்சம். எல்லாக் கோடுகளும் மேலே ஏறுகின்றன. இதில் 20,000 டன்னுக்கு வந்த 6.4 லட்சம் வருமானமே அல்ல. காட்டையே விற்றுக் கிடைத்த பணம். டிப்லீஷன் வீதம் இதைக் காட்டிக்கொடுக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அடுத்த ஆண்டு ஏட்டு மதிப்பு 202.29 லட்சம், மரம் 11.8 லட்சம் டன்னோடு 5 சதவீத வளர்ச்சி சேர்ந்து 12.39 லட்சம், வீதம் 16.33 டாலர். அளவோடு வெட்டியிருந்தாலும் அதே 16.33 தான். ஏட்டு மதிப்பும் மர அளவும் ஒரே விகிதத்தில் குறைவதால் வீதத்துக்கு எதுவும் தெரியாது.

ஆகவே பார்க்க வேண்டியது டாலரை அல்ல, டன்னை. வெட்டிய அளவு, வளர்ந்த அளவு, ஆண்டு முடிவில் நிற்கும் அளவு மூன்றையும் ஐந்தாறு ஆண்டுக்கு வரிசையாக எழுத வேண்டும். டிப்லீஷன் தொகையை வெட்டிய டன்னால் வகுத்துக்கொண்டால் வாங்கிய விலையின் சாயல் தெரியும். அதற்கு மேல் அந்த எண்ணிடம் கேட்கக் கூடாது. ஓரிரு ஆண்டு கூடுதலாக வெட்டுவது தவறில்லை. மர விலை உயர்ந்த ஆண்டில் அதிகம் வெட்டி, சரிந்த ஆண்டில் நிற்கவிடுவது நல்ல நிர்வாகம். நிற்கும் மரம் அழுகும் சரக்கல்ல, விற்காத வருடத்திலும் பருக்கும். விலை சரியும்போதும் வெட்டு ஏறிக்கொண்டே போனால், ஈவுத்தொகையைக் காப்பாற்றக் காட்டைக் கரைக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

டன்னிலும் ஒரு சூது உண்டு. பலகை அறுக்கும் அறுப்புத் தடிக்குக் கிடைக்கும் விலை, காகிதக் கூழுக்குப் போகும் கூழ்மரத்தின் விலையைப் போலப் பல மடங்காக இருக்கலாம். டிப்லீஷனோ பல இடங்களில் ஒரு பகுதியின் மரம் முழுவதற்கும் ஒரே சராசரி வீதத்தில் போடப்படுகிறது. பருத்த தடிகளை முதலில் வெட்டி, மெலிந்ததை நிற்கவிட்டால் டன் கணக்கு ஆடாது, வீதம் ஆடாது. காட்டின் மதிப்பு மட்டும் இறங்கிக்கொண்டிருக்கும். வெட்டில் அறுப்புத் தடியின் பங்கு எவ்வளவு என்பதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அலகும் கவனிக்க வேண்டியது: சிலர் டன்னில் சொல்வார்கள், சிலர் ஆயிரம் போர்டு அடியில். ஒரு போர்டு அடி என்பது ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலக் கனம். மெலிந்த தடியில் ஆயிரம் போர்டு அடிக்கு அதிக டன் தேவைப்படுவதால் ஒரே மாற்று எண்ணைப் போட்டு இரு நிறுவனங்களை ஒப்பிட முடியாது.

அடுத்து, கழிக்க மறக்கப்படும் செலவு. வெட்டிய இடத்தைச் சீர்செய்து கன்று நடுவது பொதுவாக முதலீட்டுச் செலவாக ரொக்க ஓட்ட அறிக்கையின் முதலீட்டுப் பகுதியில் போய்விடும். அமெரிக்காவின் தென்பகுதிப் பைன் காடுகளில் ஏக்கருக்கு ஏறத்தாழ 500 முதல் 700 கன்று நடுகிறார்கள். முழுவெட்டுக்கு 25 முதல் 30 ஆண்டு ஆகலாம். இந்த ஆண்டு நடவைக் குறைத்தால் இந்த ஆண்டு ரொக்கம் மிஞ்சும், வலி அடுத்த தலைமுறை முதலீட்டாளருக்கு. நம் உதாரணத்தில் நடவுக்கு 2 லட்சம் என்று வைத்தால், 15.2 லட்சத்தில் உண்மையில் பங்கிடத் தக்கது 13.2 லட்சம்.

நில விற்பனையையும் பிரித்தே வைக்க வேண்டும். நிலம் விற்றால் அதன் அடக்க விலை ரொக்கமில்லாச் செலவாக லாபத்தில் கழிந்து, டிப்லீஷனைப் போலவே திரும்பக் கூட்டப்படும். தொகை பெரிதாக வந்து ஆண்டை அழகாக்கும். அந்த ஏக்கர்கள் அடுத்த ஆண்டு மரம் தராது. தீயிலோ புயலிலோ மரம் போனால் ஏட்டு மதிப்பு ஒரேயடியாகக் கழிக்கப்படும். அதுவும் ரொக்கமில்லாச் செலவுதான். பல தலைமுறைக் காட்டில் ஏட்டு மதிப்பே சொற்பம் என்பதால் நட்டமும் சொற்பமாகத் தெரியும், இழந்த மரம் எவ்வளவு பெரிதானாலும்.

இந்தச் சொல்லை வீணாகத் தேடக்கூடிய இடமும் இருக்கிறது. பன்னாட்டு நிதி அறிக்கை நெறிகளைப் பின்பற்றும் நிறுவனங்களில், வெட்டுவதற்காக வளர்க்கும் மரம் ஐஏஎஸ் 41 நெறியின்படி விற்பனைச் செலவு போக நியாய மதிப்பில், அதாவது அன்றைய சந்தை மதிப்பில், வைக்கப்படுகிறது. அங்கே டிப்லீஷனின் இடத்தில் நியாய மதிப்பு மாற்றம் என்ற வரி நிற்கும். லாபத்தை ஊதிப் பெருக்கவும் வற்றச் செய்யவும் கூடிய அந்த வரியிலும் ரொக்கம் இல்லை. ஸ்வீடன் காட்டு நிறுவனத்தையும் அமெரிக்க நிறுவனத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவர் டிப்லீஷன், நியாய மதிப்பு மாற்றம் இரண்டையும் நீக்கிவிட்டுத்தான் தொடங்க முடியும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தேய்மானம் பொருந்தாது. செருப்பு தேயும், இயந்திரம் தேயும். பயன்படுத்துவதால் மெலிவது தேய்வு. நிற்கிற மரம் தேய்வதில்லை, வளர்கிறது. இலங்கைப் பாடநூல்களின் ‘பெறுமானத் தேய்வு’ தேய்மானத்துக்கு நன்றாக அமைந்த சொல், இதற்கு அல்ல. ‘வெறுமையாதல்’ லத்தீனுக்கு நேர். ஆனால் காடு வெறுமையாகிவிட்டதாக ஒலிக்கிறது. ‘அருகுதல்’ உயிரினங்களுக்குப் போய்விட்டது. ‘வற்றல்’ எண்ணெய்க் கிணற்றுக்குச் சரி, ஆனால் கேட்டதும் நினைவு சமையலறைக்குப் போகும். ‘குறைவு’ எல்லாவற்றுக்கும் பொருந்துவதால் எதற்கும் உதவாது.

கையிருப்பு கரைகிறது, சேமிப்பு கரைந்துவிட்டது என்று நாம் தினமும் சொல்கிறோம். எடுக்க எடுக்க ஒரு இருப்பு குறைவதற்குத் தமிழில் ஏற்கெனவே ஓடும் வினை அது. ஆகவே இருப்புக் கரைவு. டன்னுக்கான எண் கரைவு வீதம். ரொக்க ஓட்டத்தை இலங்கையில் காசுப் பாய்ச்சல் என்பார்கள். எது எழுதினாலும் சரி. கூடவே ஒன்று: ரொக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலக் ‘கேஷ்’ நம் காசிலிருந்து போனதல்ல, பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. ஆசியச் சிறு நாணயங்களைக் குறிக்கும் இன்னொரு ‘கேஷ்’தான் போர்த்துகீசியர் வழியாகக் காசிலிருந்து போனது.

எங்கே போடக் கூடாது என்பதும் முக்கியம். வெட்டி அடுக்கிய தடி சரக்கிருப்பு. விற்றால் விற்ற சரக்கின் அடக்க விலை. காட்டுச் சாலைக்கும் அறுவை ஆலைக்கும் தேய்மானம். தீயில் போனது சேத நட்டம். நின்ற மரத்தை வெட்டி எடுத்ததற்கு மட்டும் இருப்புக் கரைவு.