உள்ளங்கையில் ஒரு மத்தளம்

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் ஒரு வீட்டு முற்றம். வடமோடி நாட்டுக்கூத்தில் அரசன் வேடம் கட்டி ஆடுகிற நடிகர் ஒருவர் மத்தளத்தோடு இருந்தார். முன்னால் ஒன்பது வயதுப் பிள்ளை, பிறவியிலேயே காது கேளாதவள். அவளின் உள்ளங்கையை எடுத்து மத்தளக் கட்டையில் வைத்துவிட்டு, தொப்பி என்கிற கனத்த ஒலிப் பக்கத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தார். பிள்ளை வெடுக்கென்று கையை இழுத்தாள். பிறகு தானாகவே திரும்ப வைத்தாள். கால் மணித்தியாலம் போக, அவர் அடித்த தாளத்தைத் தன் தொடையில் பிசகாமல் தட்டிக்கொண்டிருந்தாள்.

"காது கேளாத பிள்ளைக்குச் சங்கீதம் எதுக்கு எண்டு கேக்கினம், தம்பி. பிள்ளையிட்ட ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார் அவர்.

அந்தப் பிள்ளைக்கு எட்டியது என்ன? ஒலி என்பதே அதிர்வுதான். தோலை அடித்தால் கட்டை அதிரும், காற்று அதிரும், உட்கார்ந்திருக்கிற பலகையும் அதிரும். நல்லூர்த் திருவிழாவில் தவிலுக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு இது புதிதல்ல. நெஞ்சுக்குள் 'தொம்' என்று விழுமே, அதுதான்.

அந்த அதிர்வைப் பிடிக்கத் தோலின் ஆழத்தில் தனி உணரிகள் உண்டு. பசீனியன் துகள்கள் என்று பெயர். ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் நீளம். குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெங்காயம் போல அடுக்கடுக்காக இருக்கும், நடுவில் ஒரு நரம்பு முனை. ஒரே அளவாக அழுத்திக்கொண்டே இருந்தால் அடுக்குகள் வழுக்கி அதைத் தாங்கிக்கொள்ளும், நரம்பு பேசாமல் இருந்துவிடும். அழுத்தம் வேகமாக மாறினால்தான் அது விழித்துக்கொள்ளும். செக்கனுக்கு 250 தடவை அளவிலான அதிர்வுக்கு இவை மிகவும் கூர்மையானவை; அப்போது விரல் நுனியில் ஒரு மைக்ரோமீற்றருக்கும் குறைவான அசைவே போதும். மூட்டுகளுக்குப் பக்கத்திலும் இவை இருப்பதால் உடம்பு முழுக்கக் கேட்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் காதுக்கு ஈடாகாது. காது 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை, அதாவது செக்கனுக்கு அத்தனை தடவை அதிர்வதை, பிடிக்கும். தோல் ஆயிரத்தைத் தாண்டினால் திணறும். பக்கத்துப் பக்கத்துச் சுரங்களைப் பிரித்தறிவதும் தோலுக்குக் கஷ்டம். தாளம் அப்படியில்லை, அது தோலுக்கு நன்றாகவே பிடிபடும். அதனால் இந்தப் பிள்ளைகளுக்கு வயலினைக் கொடுப்பதை விட மத்தளத்தில் தொடங்குவதுதான் சரி என்பேன். தொப்பியின் கனத்த அதிர்வையும் மறுபக்கமான வலந்தலையின் கூரான அதிர்வையும் ஒரு கிழமைக்குள் பிரித்துச் சொல்லிவிட்டாள் இந்தப் பிள்ளை.

இன்னொன்று என்னை உண்மையிலேயே நெகிழவைத்தது. பிறவியிலேயே காது கேளாதவர்களின் கையில் அதிர்வைக் கொடுத்து மூளையை ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறார்கள். தொடுகைக்குரிய பகுதியோடு, கேட்பதற்கென்று இருக்கிற பகுதியும் வேலை செய்தது. ஒலி வராத அந்த இடத்தை மூளை சும்மா விட்டுவைக்கவில்லை.

ஸ்கொட்லாந்தின் தாளவாத்தியக் கலைஞர் எவலின் கிளெனி 12 வயதுக்குள் பெரும்பாலும் கேட்கும் திறனை இழந்தவர். அவருடைய ஆசிரியர் சுவரில் கையை வைக்கச் சொல்லிவிட்டுப் பெருமுரசை அடித்துக் காட்டினார். கனத்த ஒலியைக் காலிலும், கூரான ஒலியை முகத்திலும் கழுத்திலும் பிரித்தறியக் கிளெனி பழகினார். இன்றும் பெரும்பாலும் வெறுங்காலோடுதான் வாசிப்பார்.

வெறுங்கால் நம்முடைய கூத்துக்காரருக்குப் புதிதா என்ன? சிக்கல் நிலத்தில்தான். சீமெந்துத் தரை கனமும் விறைப்புமாக இருப்பதால் மத்தளத்தின் அதிர்வு அதில் எடுபடாது. மெல்லிய மரப்பலகை கூடவே அதிரும். ஊதிய பலூனை இரண்டு கையாலும் பிடித்தாலும் காற்றின் அதிர்வு விரலுக்கு வரும். செலவென்று ஒன்றுமில்லை, சங்கீதப் பாடம் வந்ததும் பிள்ளையை வெளியே அனுப்பாமல் இருந்தால் போதும்.

நடிகர் பழைய கதவு ஒன்றைக் கழற்றி, நான்கு மூலைக்கும் கல் வைத்து முற்றத்தில் போட்டிருக்கிறார். அடுத்த கிழமை நான் போனபோது பிள்ளை படலைக்குள் நுழைந்ததுமே செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அதில் ஏறி நின்றாள். அவர் இன்னும் மத்தளத்தை எடுக்கவில்லை. குதியால் பலகையில் இரண்டு தட்டுத் தட்டி அவரைப் பார்த்தாள்.