ஆறு பேர் படகில் மறைந்திருக்கும் குறை

ஹவாயின் ஹொனலுலு நகரில், பக்கவாட்டில் மிதவை பிணைத்த அவுட்ரிகர் படகுகளைச் செலுத்தும் துடுப்பாளர்களுக்கு இயன்முறைச் சிகிச்சை அளித்துவரும் எனக்கு, ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதம் தோள்வலிக்காரர்களோடுதான் கழிகிறது. கோடைக்காலக் குறுந்தூரப் பந்தயங்கள் முடிந்து, அக்டோபரில் மொலகாய் தீவிலிருந்து ஓவாஹு தீவுக்குச் சுமார் 66 கிலோமீட்டர் கடலைக் கடக்கும் மொலகாய் ஹோ பந்தயத்துக்காகப் பயிற்சித் தூரம் திடீரென ஏறும் காலம் அது. வலியோடு வருபவர்களில் பலர் ஆறு பேர் படகைத் தவிர வேறெதிலும் துடுப்புப் போடாதவர்கள் என்பதைக் கவனித்த பிறகே, மற்ற வகைப் படகுகளிலும் பழகுமாறு வற்புறுத்தத் தொடங்கினேன்.

இடப்பக்கம் ‘ஆமா’ எனப்படும் மிதவையைக் குறுக்குக் கழிகளால் பிணைத்த அந்த ஆறு பேர் படகு, ஹவாய்ப் பந்தய விதிப்படி குறைந்தது 400 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 181 கிலோ எடை இருக்க வேண்டும். அத்தனை கனமான படகில் ஒருவர் துடுப்பைக் கோணலாக இழுத்தாலும், கையால் மட்டுமே இழுத்தாலும், மற்றவர்களின் உழைப்பில் அக்குறை கரைந்துவிடுகிறது. படகின் திசை பிசகினால் ஆறாம் இருக்கையில் இருப்பவர் தம் துடுப்பைச் சுக்கானாகச் செருகித் திருத்துகிறார். செருகும் ஒவ்வொரு முறையும் வேகம் குறைகிறது.

சுக்கான் இல்லாத ஒற்றையாள் அவுட்ரிகரில் இந்தக் குறை ஒளிய இடமில்லை. இழுப்பு படகின் ஓரத்தை விட்டு விலகினால் முனை உடனே திரும்பிவிடும். பசிபிக் தீவான தஹீட்டியின் துடுப்பாளர்கள் இவ்வகைப் படகில் வளர்பவர்கள். அவர்களுடைய இழுப்பின் தூய்மைக்கு அதுவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் தோள்வலிக்காரர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, இருபக்கத் துடுப்பால் செலுத்தும் சர்ஃப்ஸ்கி என்னும் ஒடுங்கிய கடற்படகைத்தான். அதில் வலப்பக்கம் துடுப்பு நீரில் இறங்கும் கணத்திலேயே வலக்கால், பாதம் ஊன்றும் முன்பலகையை அழுத்த வேண்டும். அப்போதுதான் இடுப்பு சுழன்று, முதுகின் பெரிய தசைகள் சுமையை ஏற்கும். கையால் மட்டும் இழுப்பவரால் அந்தப் படகில் நிலைகுலையாமல் நெடுநேரம் செல்ல இயலாது. ஆறு பேர் படகின் மூன்றாம் இருக்கையில் துடுப்புப் போடும் நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி, துடுப்பின் மேல்நுனியைப் பிடிக்கும் கைப்பக்கத் தோளில் இரண்டு பருவங்களாக வலியோடு இருந்தார். ஒரு குளிர்காலம் முழுவதும் வாரம் இருமுறை சர்ஃப்ஸ்கியில் பழகித் திரும்பியபோது, அந்தக் கையை அவர் தலைக்கு மேல் தூக்கித் தள்ளுவதை விட்டிருந்தார். ஓய்வுக்கும் தோள் தசைப் பயிற்சிகளுக்கும் அதில் பங்குண்டு என்றாலும், கால்களைப் பயன்படுத்த அவருக்குக் கற்றுக்கொடுத்தது அந்தப் படகே. பந்தயச் சர்ஃப்ஸ்கி 45 சென்டிமீட்டர் அகலம்கூட இராது; புதியவர்கள் 50 சென்டிமீட்டருக்கு மேல் அகலமானதில் தொடங்குவது நல்லது. துடுப்பின் இரு முனைகளிலும் உள்ள தட்டையான அலகுகள் ஒன்றுக்கொன்று திரும்பியிருக்கும் கோணம் மிகுந்தால் மணிக்கட்டுத் தசைநாண்கள் வீங்கக்கூடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

நின்றபடி செலுத்தும் பலகை, சமநிலைக்கும் உடல் எடையைத் துடுப்பின்மேல் இறக்கப் பழகுவதற்கும் நல்லது. குப்புறப் படுத்துக் கைகளால் நீரைத் தள்ளும் பலகையை மட்டும் தோளில் வலி இருப்பவர்களுக்கு நான் அனுமதிப்பதில்லை. கழுத்தும் தோளும் ஓயாமல் உழைக்கும் பயிற்சி அது.

புதிய படகில் செலவிடும் நேரம் பழைய பயிற்சியோடு கூடுதலாகச் சேரக் கூடாது, அதிலிருந்து கழித்து எடுத்ததாக இருக்க வேண்டும். எல்லாப் படகுகளின் மணிநேரத்தையும் ஒரே கணக்கில் எழுதிவருமாறு கேட்கிறேன், ஏனெனில் உழைக்கும் தோள் ஒன்றுதான். பந்தயம் நெருங்கும் மாதங்களில் அன்றி, பருவம் முடிந்த குளிர்காலத்தில் தொடங்குவதே ஏற்றது.

ஆறு பேர் படகு கவிழ்ந்தால் உடன் ஐவர் இருப்பார்கள். ஒற்றையாள் படகோ ஆள் இறங்கியதும் காற்றில் நீந்தி எட்ட முடியாத வேகத்தில் விலகிவிடும். எனவே காலில் கட்டும் இணைப்புக் கயிறும் உயிர்காப்பு அங்கியும் அணிந்து, கரையோர அமைதியான நீரில் பலமுறை கவிழ்த்து ஏறிப் பழகிய பின்னரே, துணைப் படகு ஒன்றுடன் திறந்த கடலுக்குச் செல்லுமாறு கூறி அனுப்புகிறேன்.